ரெமிஜியுஸின் பசி வெளியே போன தவக்காலம்

உப்பளத்துக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் நடுவில், இரண்டு பக்கத்து நாற்றமும் வஞ்சகமில்லாமல் வந்து விழுகிற கப்பக்காரத் தெருவில், குத்துச்சண்டைக்காரன் ரெமிஜியுஸின் பசி ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எழுந்து வெளியே போனது. போகும்போது வாசல் கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போனது. கொக்கி விழுந்த சத்தத்தை அவன் மனைவி ஜெனோவா அடுப்படியில் நின்று கேட்டாள். பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷனுக்குக் கேட்டைச் சாத்துகிற பழக்கம் வரவில்லை, இவர் பசிக்கு வந்திருக்கிறதே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

ஏன் போனது என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. குத்துச்சண்டைப் பயிற்சி கொடுக்கிற மச்சாது மாஸ்டரின் கையில் அகப்பட்ட ஓர் உடம்பிலிருந்து எது போனாலும் ஆச்சரியப்பட அந்தத் தெருவில் ஆளில்லை. தவக்காலம் முடிகிற உயிர்ப்பு ஞாயிறு அன்று சாயங்காலம் துறைமுகத் திடலில் மேடை போட்டு, அரியானாக்காரன் ஒருவனோடு எட்டு ரவுண்டு சண்டை. முந்தின நாள் காலையில் தராசில் ஏறினால் முள் அறுபத்தொரு கிலோவைத் தாண்டக்கூடாது. ரெமிஜியுஸோ சும்மா நின்றால் அறுபத்தெட்டு. ஆகவே எட்டு வாரத்துக்கு முன்பே மாஸ்டர் அவனை எடுத்துக்கொண்டார். விடியுமுன் ரப்பர் சட்டை, ரப்பர் கால்சட்டை, அதற்கு மேல் கம்பளிச் சட்டை என்று சுற்றிக்கொண்டு உப்பளத்து வரப்பில் பாத்தி பாத்தியாக ஓடவேண்டும். ஓடி முடித்தால் உப்பு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சரிகிற உப்புக் குவியலின் மேல் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கால் கதறினாலும் வாய் கதறக்கூடாது. பிறகு பயிற்சிக் கூடமாகிவிட்ட பழைய உப்புக் கிட்டங்கிக்குள் போய் லாரி டயரைச் சம்மட்டியால் அடிக்கவேண்டும், கழுத்தில் தோல்வாரைக் கட்டி இரும்புத் தட்டைத் தொங்கவிட்டுத் தலையால் தூக்கவேண்டும், மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் கனத்த தோல்பந்து வந்து விழ விழ எண்ணவேண்டும், களைக்காத மூன்று பேர் மாறி மாறி வந்து அடிக்கக் களைத்த ஒருவனாக நின்று திருப்பி அடிக்கவேண்டும். எல்லாம் முடிந்தபின் மீன் ஏற்றுகிற ஐஸ் பெட்டிக்குள் கழுத்துவரை உட்காரவேண்டும். அதிலிருந்து எழுந்து வருகிறவன் சீலா மீன் மாதிரி விறைத்து, சீலா மீன் மாதிரியே நாறிக்கொண்டு வீட்டுக்கு வருவான்.

வந்தால் சாப்பாடா இருக்கும்? அவித்த மீன், முட்டையின் வெள்ளை, பீன்ஸ். எதிலும் உப்பு கிடையாது. உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்குமாம். நாட்டுக்கே உப்பு அனுப்புகிற ஊரில் ஒருவன் உப்பில்லாமல் சாப்பிடுகிற அழகைப் பார்க்கவேண்டுமென்றால் அந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும். அதற்கு மேல் மாஸ்டர் வைத்த சட்டம் ஒன்று: சண்டைக்காரன் வீட்டில் தாளிக்கக்கூடாது. "தாளிக்கிற வாசம் அரைக் கிலோம்மா, மூக்கு வழியா ஏறும்," என்பார். மற்ற பெண்கள் இதைக் கேட்டால் நெஞ்சில் கை வைப்பார்கள். ஜெனோவாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். கன்னியாஸ்திரிகளிடம் படித்த பெண். ஆங்கிலக் கையெழுத்து முத்து முத்தாக வரும், மேஜை விரிப்பில் பூத்தையல் போடத் தெரியும், சமையல் மட்டும் கடைசிவரை வசப்படவில்லை. அவள் வைக்கிற குழம்பைத் தின்று ஜீரணிக்கக் குத்துச்சண்டைக்காரன் வயிறுதான் வேண்டும் என்று தெருவில் பேச்சு. அவளும் அவனுக்கு வைத்ததையே உப்பில்லாமல் தின்றாள். பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், இரண்டு உலை வைக்கப் பொறுமை இல்லை.

பிரச்சினை பசிதான். அது அவனுக்குள் சும்மா கிடக்கிற ஜாதி இல்லை. ஓடினால் கூட ஓடும், தூங்கினால் எழுப்பும். அந்தச் செவ்வாய்க்கிழமை அடுப்படிக்குள் நுழைந்த ஜெனோவா பார்த்தது இதை: காலியான ஊறுகாய் ஜாடிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, பூசையில் நன்மை வாங்கிய ஆள் மாதிரி நிற்கிற புருஷன்.

"இந்தா பாருங்க," என்றாள். "ஒண்ணு நீங்க வெளிய போங்க, இல்ல உங்க பசிய வெளிய அனுப்புங்க. ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல வச்சிக்கிட்டு என்னால முடியல."

அவ்வளவுதான் சொன்னாள். வாசல் கேட்டுக் கொக்கி விழுந்தது. ரெமிஜியுஸ் ஜாடியிலிருந்து மூக்கை எடுத்து, அதைக் கழுவி, கவிழ்த்து வைத்தான். அவன் ஒரு பாத்திரம் கழுவியதை அன்றுதான் அவள் பார்த்தாள்.

"போயிட்டுட்டி," என்றான், கரண்டு போய்விட்டது என்று சொல்கிற குரலில்.

மறுநாள் காலை எதிர்வீட்டு முத்துப்பேச்சி அக்கா முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஏ ஜெனோவா, உம் புருசன் பசி எங்க வீட்டுல வந்து உக்காந்திருக்கு."

"அவிய பசின்னு ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"நான் மூணு இட்லி திங்கிறவ. இன்னைக்குப் பன்னெண்டு உள்ள போயிருக்கு. சட்னியும் முடிஞ்சி போச்சி. பெறவும் முட்டை வெள்ளை இருக்கான்னு மனசு தேடுது. எனக்கு எதுக்குட்டி முட்டை வெள்ளை?"

சந்தேகத்துக்கு இடமில்லை. ஜெனோவா மன்னிப்புக் கேட்கவில்லை, அவளுக்கு அந்தப் பழக்கமும் கிடையாது. இட்லி மாவு கொஞ்சம் கொடுத்தனுப்பினாள். அக்கா அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு நாய்க்கு வைத்தாள்.

அதன்பிறகு பசி வீடு வீடாகப் போகத் தொடங்கியது. ஆளாக யாரும் பார்க்கவில்லை. கேட்டுக் கொக்கி தூக்கி விழும், படியில் படுத்திருக்கிற நாய் எழுந்து வழிவிடும், சாப்பாட்டு இடத்தில் ஒரு நாற்காலி லேசாக நகரும், பிறகு வீட்டிலிருக்கிற எல்லார் வயிற்றிலும் மத்தியானக் கடல் மாதிரி ஓர் இழுப்பு எழும். முதலில் தெருப் பெண்கள் உலையில் ஓர் ஆழாக்கு அரிசி கூடப் போட்டார்கள், அப்புறம் இரண்டு ஆழாக்கு. சபித்துக்கொண்டேதான் போட்டார்கள். ஆனால் ஒரு வாரம் ஆவதற்குள் சாபம் நின்றுவிட்டது. ஏனென்றால் பசி வந்து உட்கார்ந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ருசி வந்தது, ருசி வந்ததால் ஆண்பிள்ளைகள் வேளைக்கு வீடு திரும்பினார்கள், வாய் நிறையச் சோறு இருந்ததால் சண்டை போட வாய் மிச்சமில்லை, மாமியாரும் மருமகளும் ஒரே சட்டியைச் சுரண்டினார்கள், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கொரேரா, மனைவி செத்த நாளிலிருந்து பன்னும் கடுங்காப்பியுமாக ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு மத்தியானம் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சிய சத்தம் தெருமுனை வரை கேட்டது.

இனி பசி எங்கே போவது என்பதை அதன் இஷ்டத்துக்கு விட முடியாது என்று தெரு தீர்மானித்தது. முறை போட்டார்கள். இடைஞ்சலாகத் தவக்காலம் வேறு தொடங்கியிருந்தது. ஒருசந்தி நோன்பு இருக்கிற வீட்டில் இந்தப் பசி வந்து உட்கார்ந்தால் அந்தக் குடும்பம் மோட்சத்துக்குப் போகவா? பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். அவர் நெற்றியைத் தேய்த்தபடி, பசித்தவனுக்குச் சோறு போடச் சொல்லி வேதத்தில் இருக்கிறது, ஆளில்லாமல் பசி மட்டும் வந்தால் என்ன செய்வது என்று இல்லை, எதற்கும் போட்டுவிடுங்கள் என்றார். ஆகையால் இறைச்சி விலக்குகிற வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்தன்று பசியை முத்துப்பேச்சி அக்கா வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். அம்மனுக்கென்று அவளும் வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டாள், பசி முகம் சுளித்துவிட்டதாம். கடைசியில் வெள்ளிக்கிழமை மட்டும் மூலைவீட்டு காதர் பாய் வீட்டுக்கு என்று முடிவானது. ஜும்ஆ தொழுகை முடிந்து வருகிற பாய் வாசலிலேயே நின்று, "வந்துட்டாவளா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் பிரியாணிச் சட்டியைத் திறப்பார்.

ஜெனோவாவின் வீட்டில் மட்டும் அமைதி. மாஸ்டருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "முப்பது வருசத்துல இப்படி ஒரு பயிற்சி பாத்ததில்லம்மா. பய வாயே தொறக்கல. எவ்வளவு அடிச்சாலும் தாங்குதான், எதக் குடுத்தாலும் முழுங்குதான்." ரெமிஜியுஸும் சொன்னபடி ஓடினான், சொன்னபடி அடித்தான், ஐஸ் பெட்டியில் உட்கார்ந்து எழுந்து வந்து, வைத்ததை மாத்திரை மாதிரி விழுங்கிவிட்டுக் கையைக் கழுவினான். சட்டி சுரண்டுகிற சத்தம் இல்லை, ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் இல்லை. ஜெனோவா இரண்டு வாரம் அந்த அமைதியை அனுபவித்தாள். மூன்றாவது வாரம் ஒரு நாள், அடி பிடித்த பீன்ஸை அவன் முன்னால் வைத்துவிட்டு, வழக்கமான சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்து நின்றாள். அவன் ஒரு வாய் எடுத்து மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"நல்லாருக்கு," என்றான்.

பதினோரு வருஷத்தில் அவள் சமையலைப் பற்றி அந்த வீட்டில் யாரும் சொல்லியிராத வார்த்தை. அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

அன்றிலிருந்து கவனிக்கத் தொடங்கினாள். நல்லாருக்கு என்பவன் போதும் என்றான், போதும் என்பவன் வேண்டாம் என்றான், வேண்டாம் என்பதையும் விருந்துக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி மெதுவாக, மரியாதையாகச் சொன்னான். முகம் வெள்ளைத்தாள் ஆனது. கன்னத்தில் இரண்டு குழி. தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் தாளிக்கிற வாசம் வந்து அவன் மூக்கின் மேல் மோதித் திரும்பிப் போனது. மாஸ்டரிடம் சொன்னாள். "தராசுல ஏறி எறங்கட்டும்மா. எறங்குன நிமிசம் பசி ஓடி வந்துரும். எல்லாப் பயலுக்கும் வரும். நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்," என்றார். ஆகவே காத்திருந்தாள், காத்திருக்கத் தெரியாதவள்.

உயிர்ப்புக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலை எடை பார்த்தார்கள். அரியானாக்காரன் வந்து கடைசி நூறு கிராமுக்காகப் புளியைச் சப்பிச் சப்பிப் பாட்டிலில் எச்சில் துப்பிக்கொண்டிருந்தான், துண்டைக்கூட அவிழ்த்துப் போட்டுவிட்டு ஏறி, மூச்சை வெளியே விட்டு, சரியாக அறுபத்தொன்றில் நின்றான். இறங்கிய மறு நிமிஷம் அவன் ஆட்கள் நீட்டிய உப்பு போட்ட பானகத்தைக் கடகடவென்று குடித்தான், வாழைப்பழத்தைத் தோலோடு கடிக்கப் போனான். அடுத்து ரெமிஜியுஸ் ஏறினான். முள் ஐம்பத்தொன்பதைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. மாஸ்டரின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது.

தராசு வேலை முடிந்தால் அடுத்தது தீனி வேலை. இந்தத் தொழிலில் இதுதான் கடைசிப் பயிற்சி, சம்மட்டியையும் ஐஸ் பெட்டியையும்விடக் கடுமையான பயிற்சி: அவித்துப் பிழிந்த உடம்பை மறுநாள் சாயங்காலத்துக்குள் தண்ணீரும் உப்பும் சோறுமாக மறுபடி ஊற வைத்து எழுப்பவேண்டும். எழுப்பாவிட்டால் மண்டைக்குள் மூளையைச் சுற்றியிருக்கிற தண்ணீர்கூட வற்றித்தான் கிடக்கும், அந்த மண்டையில் ஒரு குத்து விழுந்தால் எழுந்திருக்க மாட்டான். மாஸ்டர் வீட்டிலேயே உட்கார்ந்து உப்புக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார். ரெமிஜியுஸ் வாங்கி வாயில் வைத்தான். தொண்டை வாங்கவில்லை. வெளியே வந்தது. மறுபடி கொடுத்தார், மறுபடி வந்தது.

"ட்ரிப்ஸ் ஏத்திருவமா?" என்றாள் ஜெனோவா.

"ஏத்துனா மருந்துச் சோதனையில மாட்டுவான், சண்டையே கெடையாதுன்னுருவான். வாய் வழியாத்தான் போகணும்."

"அப்ப சண்டை வேண்டாம்னு சொல்லுங்க."

"சொல்லிப் பாத்தாச்சி. ஓம் புருசன் கேக்கமாட்டேங்கான். நான் அடி வாங்கிக்கிடுதேன் மாஸ்டர், எனக்கு ஒண்ணும் தோணலங்கான்." மாஸ்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தோணலன்னு சொல்லுதவன நான் எப்படிம்மா மேடை ஏத்துவேன்?"

ரெமிஜியுஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "மன்னிச்சிருங்க," என்றான் இருவரிடமும், மிகவும் மரியாதையாக.

ஜெனோவா செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள்.

பசி அன்று எங்கே இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். குருத்தோலை ஞாயிறிலிருந்து அது ஸ்டெல்லாவின் வீட்டை விட்டு நகரவில்லை, நகரச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. ஸ்டெல்லாவின் மகள் ஜோவிட்டாவுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்து டீயில் நனைத்த பிஸ்கட் தவிர எதையும் தின்னாத பிள்ளை, எலும்புக்கூட்டுக்குக் கவுன் போட்டது மாதிரி இருக்கும். பசி வந்த அன்று அந்தப் பிள்ளை தானாகத் தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்ததாம். அதைப் பார்த்த பிறகு எந்த வீட்டுக்காரி முறை கேட்பாள்?

ஸ்டெல்லாவும் ஜெனோவாவும் பேசி இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிறது. தண்ணீர்க் குழாயடியில் ஒரு குடத்தை முந்தி வைத்த தகராறு. அதில் ஸ்டெல்லா, "ஓம் புருசன் வெளிய கையால அடி வாங்குதாரு, உள்ள வாயால அடி வாங்குதாரு, எதுல சீக்கிரம் சாவாரோ," என்று கேட்டாள். அதற்கு ஜெனோவா சொன்ன பதிலை எழுத முடியாது.

இப்போது அந்த வாசலில் போய் நின்றாள். ஸ்டெல்லா எழுந்து வரவில்லை. "என்ன, வாசல் தெரிஞ்சிதா?"

"அவியளுக்குச் சோறு எறங்கல. நாளைக்குச் சண்டை. அது இங்கதான இருக்கு, அனுப்பு."

"நீதான வெளிய போன்னு சொன்ன."

"கோவத்துல ஆயிரம் சொல்லுவேன்."

"ஆயிரத்துல ஒண்ண ஒருத்தர் கேட்டுட்டாவ போல." சொல்லிவிட்டு ஸ்டெல்லா குரலை இறக்கினாள். "இங்க பாரு ஜெனோவா. ஆறு வருசமா நான் ஒரு கவளத்தக் கையில வச்சிக்கிட்டு இவ பின்னால சுத்துனேன். காக்கா வரைக்கும் காட்டியாச்சி, பூச்சாண்டி வரைக்கும் சொல்லியாச்சி. இப்பத்தான் வாயத் தொறக்கா. நீ கேட்டன்னா எடுத்துக் குடுத்துரணுமா?"

ஜெனோவா உள்ளே பார்த்தாள். ஜோவிட்டா கால்களை ஆட்டிக்கொண்டு மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். விரலிடுக்கில் வழிந்ததை மணிக்கட்டு வரை நக்கினாள். பக்கத்து நாற்காலி மேஜையை ஒட்டி நகர்ந்திருந்தது. கன்னத்தில் அரைப் பிடிச் சதை வைத்திருந்தது அந்தப் பிள்ளைக்கு. வாழ்க்கையில் அப்படி ஒரு சங்கடத்தை ஜெனோவா பட்டதில்லை, வெறுமனே நின்றாள்.

அவள் சும்மா நின்றதைப் பார்த்துத்தான் ஸ்டெல்லா பயந்திருக்கவேண்டும். எழுந்து வழிவிட்டாள். "நான் ஒண்ணும் கட்டி வைக்கல. கதவு தொறந்துதான் கெடக்கு. வந்தாக் கூட்டிட்டுப் போ. வராட்டி என்னக் கேக்காத."

அதற்குள் முத்துப்பேச்சி அக்காவும் தெருவில் பாதியும் வாசலில் கூடிவிட்டார்கள். "நல்லதா நாலு வார்த்த சொல்லிக் கூப்புடுட்டி," என்றாள் அக்கா.

ஜெனோவா காலி நாற்காலியின் முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூட மேடையில் வரவேற்புரை வாசிக்கிற குரலில், தயவுசெய்து வீட்டுக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். நாற்காலி அசையவில்லை. இறால் வறுத்துத் தருவதாகச் சொன்னாள். அவள் இறால் வறுவலை அறியாததா அது? அசையவில்லை. கண்ணே என்றாள், ராசா என்றாள். வாசலில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஜோவிட்டா இன்னொரு வாய் எடுத்தாள்.

அப்போதுதான் ஜெனோவாவுக்குத் தலைக்கு ஏறியது.

"எந்திரி," என்றாள். "அடுத்த வீட்டுல எத்தன நாளு உக்காந்து திம்ப? வெக்கமா இல்ல? பதினோரு வருசமா நான் போட்டதெல்லாம் கருகுனது, கொழஞ்சது, அடி பிடிச்சது. அம்புட்டையும் தின்னு ஒடம்ப வளத்துட்டு இப்ப ஒனக்கு ஸ்டெல்லா கொழம்பு கேக்குதோ? பாய் வீட்டுப் பிரியாணி கேக்குதோ? அங்க ஒரு மனுசன் கஞ்சிய முன்னால வச்சிக்கிட்டுச் செவுத்தப் பாத்துட்டு இருக்காரு. நான் குடுக்குற கரிச்சட்டியப் பாத்து நல்லாருக்குங்காரு. கேட்டியா? நல்லாருக்குன்னு சொல்லுதாரு எங்கிட்ட. நாளைக்கு அவர அடிச்சிப் போட்டுட்டா நீ எந்த வயித்துல போய் ஏறுவ? ஊர் ஊராப் பிச்சையா எடுப்ப? வெளிய போன்னு சொன்னா அப்பிடியே போயிருவியோ? நான் சொன்னதுல வேற எதையாவது இந்த வீட்டுல யாராவது கேட்டிருக்கியளா? எந்திரி. கையக் கழுவிட்டு வா. இன்னொரு தடவ சொல்லமாட்டேன்."

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

ஸ்டெல்லா வீட்டு வாஷ்பேசினில் குழாய் திறந்தது, கொஞ்சம் ஓடியது, மூடியது. வாசலில் கூடியிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒவ்வொருவர் வயிற்றிலும் ஓர் இழுப்பு வந்து கடந்து போனது. காதர் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "போய்ட்டு வாங்க," என்றார். நாய் கொஞ்ச தூரம் கூடப் போனது. நல்லதாக நாலு வார்த்தை எல்லா வீட்டிலும் கிடைத்திருக்கும். அது அங்கெல்லாம் விருந்தாளி. இப்படித் திட்டுவதற்கு உலகத்தில் அதற்கு ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

ஜோவிட்டாவின் கை பாதி வழியில் நின்றிருந்தது. தட்டைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். ஸ்டெல்லா மூச்சுவிடவில்லை. பிள்ளை இறங்கி, தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, குழம்பு வழிய வழியப் பசியின் பின்னாலேயே நடந்தாள். வேறு வழியில்லாமல் ஸ்டெல்லாவும் பின்னால் நடந்தாள். இரண்டு கிறிஸ்துமஸுக்குப் பிறகு அந்தக் கேட்டைத் தாண்டினாள்.

மறுநாள் நடந்ததை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள், சாப்பாட்டைக் கவனிக்கமாட்டீர்கள். எட்டு ரவுண்டும் நின்றான். மூன்று நடுவரில் இரண்டு பேர் அவன் பக்கம் எழுதினார்கள், மூன்றாமவருக்குக் கண் சரியில்லை என்பது தெருவின் தீர்ப்பு. இடது புருவத்தில் தையல் போட்டார்கள். பசி போன பிறகு கப்பக்காரத் தெருவில் ஒரு வாரத்துக்குச் சோறு மிஞ்சிக் கொட்டினார்கள், பிறகு ஆழாக்கைக் குறைத்தார்கள். கொரேராவுக்கு மட்டும் தட்டு அனுப்புகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது, வீட்டுக்கு வீடு அனுப்பினால் மனுஷன் எப்படித் தின்னாமல் இருப்பார். ஜோவிட்டா தினமும் மத்தியானம் தட்டோடு ஜெனோவா வீட்டுக்கு வந்துவிடுகிறாள், ஆனால் குழம்பு அவள் வீட்டிலிருந்துதான் வருகிறது, அந்த அளவுக்கு அந்தப் பிள்ளைக்கு விவரம் உண்டு.

அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். ஜெனோவா எட்டு வாரத்துக்குப் பிறகு சட்டியை அடுப்பில் வைத்து, எண்ணெய் காயும்வரை பொறுக்காமல் கடுகைப் போட்டு, கடுகு வெடிக்குமுன் வெங்காயத்தைப் போட்டு, பாதி வெங்காயம் கருகப் பாதி பச்சையாகக் கிடக்க, புளியைக் கரைத்து ஊற்றி, சீலாத் துண்டுகளைப் போட்டு மூடினாள். மாஸ்டர் மூக்கைத் தூக்கினார், தடுக்கவில்லை. ரெமிஜியுஸ் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டைத் திறந்து உள்ளே வந்தது எதுவோ, அவன் பக்கத்தில் வந்து நின்று தயங்குவது மாதிரி இருந்தது; சண்டை போட்டுக்கொண்டு போன தம்பி திரும்பி வந்து வாசலில் நிற்கிற மாதிரி. ஜோவிட்டா அவனுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் தட்டை வைத்து, அவனுக்கும் இடம்விட்டு நகர்ந்துகொண்டாள்.

ஜெனோவா சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். இடுப்பில் கை வைக்கவில்லை, கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஸ்டெல்லாவும் முத்துப்பேச்சி அக்காவும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவன் பிசைந்தான். ஒரு வாய் எடுத்தான். மென்றான். தொண்டை ஏறி இறங்கியது, உள்ளே போனது உள்ளேயே நின்றது. இரண்டாவது வாய் எடுத்தான். அப்போது அவன் நெற்றியில், பல வாரமாகச் சுருக்கம் விழாத அந்த வெள்ளைத்தாளில், ஒரு கோடு விழுந்தது, அதன் கீழே இன்னொரு கோடு. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

"ஏட்டி, என்ன கொழம்பு இது? உப்பே இல்ல."

"ஆமா," என்றாள் ஜோவிட்டா, அவன் தட்டிலிருந்து ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு. "உப்பே இல்ல."

மாஸ்டர் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். ஜன்னலில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். ஜெனோவா அடுப்படிக்குள் போனாள். மேல்தட்டிலிருந்து உப்பு ஜாடியை இறக்கித் திறந்தாள். எட்டு வாரம் யாரும் தொடாத உப்பு இறுகிக் கல்லாகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் ஒரு குத்துக் குத்தினாள். பிறகு இன்னொன்று. உப்பு உடைந்து பொடியான பிறகும் குத்திக்கொண்டே நின்றாள், கண்ணில் தெறித்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு.

"ஏட்டி, எங்க போயிட்ட?" வெளியிலிருந்து கத்தினான். தட்டு தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது, ஒன்றல்ல, இரண்டு தட்டு.

"வாரேன், வாரேன்," என்றாள் ஜெனோவா. "பறக்காதிய."